யாரும் எடுக்காத புத்தகம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்பில் ஒரு குறையுமில்லை, நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். மனசுதான் ஒரு வாரமாகக் கொதிக்கிறது, உன்னிடம் கொட்டாமல் தீராது.

நம் நூலகத்தில் பழைய புத்தகங்களைக் கழித்து எடைக்குப் போடுகிறார்கள், தக்காளியைவிட மலிவு என்று கீழ்வீட்டுத் தையற்காரர் சொன்னார். சனிக்கிழமை வயரிங் வேலைக்குப் போகிற வழியில் நுழைந்தேன். வராந்தாவில் தார்ப்பாய் விரித்து மணல் கொட்டுகிற மாதிரி கொட்டி வைத்திருந்தார்கள். கிளறினால், நீ நுழைவுத் தேர்வுக்குப் படித்தபோது கேட்டுக் கேட்டு நடந்தாயே, அந்தத் தடித்த இயற்பியல் புத்தகம் கையில் வந்தது. முதல் பக்கத்தில் நீக்கப்பட்டது என்று சிவப்பு முத்திரை. நூலகம் அதை வாங்கியதோ உன் தேர்வுக்கு இரண்டு வருஷம் முன்னால். இரவல் கொடுத்த தேதியைக் குறிக்கும் கடைசிப் பக்கத்துச் சீட்டில் ஒரு தேதிகூட இல்லை. புத்தகம் வெளியே போயிருக்கு, அடுத்த வாரம் வா என்று உன்னை எத்தனை வாரம் அலைய விட்டார், நீ சாவிக்கொத்து என்று பேர் வைத்த அந்த நூலகர்.

நேரே உள்ளே போய்க் கேட்டேன். அவர் தலை நிமிராமல், விலை ஜாஸ்தி சார், பசங்க கிழிச்சா நான்தானே பதில் சொல்லணும், அதான் பீரோவுல பூட்டி வெச்சேன், இத்தனை வருஷமா யாரும் எடுக்கல, கழிச்சாச்சு என்றார். பூட்டி வைத்த மனுஷரே யாரும் எடுக்கவில்லை என்கிறார். என் மகள் கேட்டாளே என்றேன். எத்தனையோ பேர் கேப்பாங்க என்றார். மேசையில் ஓங்கி அறைந்தேன், படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள், திரும்பட்டும்.

வீட்டுக்கு வந்தும் கத்தினேன். அம்மா துணி மடித்துக்கொண்டே, இன்னைக்கு ஒரு சீட்டைப் பார்த்ததும் நம்புறீங்க, அன்னைக்கு நம்ம பொண்ணு நிஜம் சொன்னா, நீங்க நம்பல என்றாள். நாலு மதிப்பெண்ணில் நீ தவறியபோது புத்தகம் கிடைக்கலப்பா என்றாய். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம் என்று சொந்தக்காரர்கள் முன்னால் சிரித்தேன். நீ அன்றைக்கு அழக்கூட இல்லை.

இன்னும் மூன்று பீரோ பூட்டியே கிடக்கிறது என்று தையற்காரரும் நானும் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தோம். புதன்கிழமை அந்த அதிகாரியே வந்தார். சாவி எங்கேயோ மாறிப்போச்சு என்று உன் சாவிக்கொத்து நூலகர் மழுப்பினார். என் பையில் திருப்புளி இருந்தது. அதிகாரி தலையாட்டியதும் கீல்களைக் கழற்றிக் கதவுகளைச் சுவரில் சாய்த்துவிட்டேன். தையற்காரர் மகள் அன்றைக்கே இரண்டு புத்தகம் எடுத்துப்போனாள்.

அதோடு என் ஆத்திரம் தீரவில்லை, மிச்சம் என் மேல்தான். அன்று கூட இருந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து, என் மகள் சொன்னது நிஜம், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் கழிச்சு எதுக்குண்ணே அதெல்லாம் என்றான் உன் சித்தப்பா. இவ்வளவு வருஷம் சொல்லலையே, அதுக்குத்தான் என்றேன்.

இருவரும் நூறாண்டு நன்றாக இருங்கள். கண் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே, அம்மா தினம் கேட்கிறாள். என் மேல் கோபம் இருந்தால் நாலு பக்கத்துக்குத் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அன்று உன்னை நம்பாமல் போன
உன் அப்பா