ஜன்னல் சட்டத்துப் பொறிவண்டுகள்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் இங்கே சுகம் என்று அடுத்த வரியை எப்போதும் யோசிக்காமல் எழுதிவிடுவேன், இந்தத் தடவை கை வரவில்லை. குழந்தைக்குக் காது வலி என்று மருமகள் சொன்னாள், எண்ணெய் கிண்ணெய் ஊற்றிவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். அக்காவுக்கு முட்டி வீக்கம் வடிந்திருக்கிறது, ஆனால் வாய் வடியவில்லை. இங்கே குளிர் எலும்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டது, மாடிக் குழாய் உறைந்து வெடித்துச் சமையலறைச் சுவரெல்லாம் ஈரம். அதெல்லாம் கிடக்கட்டும். உன் குரல் செய்தியைக் கேட்டேன். போனில் பதில் சொன்னால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். எவரோ சொன்னதைக் கேட்டு நீயும் அக்காவும் முடிவெடுத்துவிட்டீர்கள். நடந்ததை நான் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் படி.

உன் அப்பா வேலையை விட்டதிலிருந்து பூச்சி பார்க்கக் கிளம்பிவிடுகிறார் என்று உனக்குத் தெரியும். வெயில் காலத்தில் எல்லாரும்தான் பட்டாம்பூச்சி பார்ப்பார்கள், இவர் குளிர்காலத்தில் பார்ப்பவர். ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, காது மூடுகிற குல்லா. எல்லாம் செத்துப்போயிருக்குமே, எதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "சாகலடி, ஒளிஞ்சிருக்கு" என்றார். சம்பாதிக்கிற காலத்தில் எறும்பைக்கூட நின்று பார்க்காத மனிதர் என்று நானும் கேலி செய்தேன், ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பூங்காவில் மரத்தின் மேல் ஒரு பெண் அந்துப்பூச்சி, சிறகே கிடையாது, அந்தக் குளிரில் தத்தித் தத்தி ஏறிக்கொண்டிருந்தது. கார் கொட்டகைக் கூரையில் பட்டாம்பூச்சிகள் சிறகை மூடிக்கொண்டு தலைகீழாகத் தொங்கின, காய்ந்த இலை என்று நான் துடைப்பத்தை எடுக்கப் போய்விட்டேன். பொறிவண்டுகள் ஜன்னல் சட்டத்து இடுக்கில் கும்பலாக ஒட்டிக்கொண்டு குளிர்காலம் முழுக்கத் தூங்குமாம். இந்தத் தெருவில் பாதி ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டவர் உன் அப்பாதானே, எந்தச் சட்டத்தில் எந்த இடுக்கு என்று அவருக்கு மனப்பாடம்.

எதிர்வீட்டு வேன்காரர் ஜன்னலில்தான் பெரிய கும்பல் இருந்தது. வேன்காரர் மகளைக் கூப்பிட்டு உன் அப்பா காட்டியிருக்கிறார், அந்தப் பெண்ணும் போட்டோ எடுத்திருக்கிறாள். மறுபடி ஒரு சாயங்காலம், இருட்டுகிற நேரம், அவை இருக்கின்றனவா என்று பார்க்கப் போய் டார்ச் அடித்திருக்கிறார். உள்ளே அந்தப் பெண் குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். வெளிச்சம் பட்டதும் அலறிவிட்டாள். வேன்காரர் ஓடி வந்து இவர் கழுத்தைப் பிடித்தார். ரொட்டிக் கடைக்காரரும் மருந்துக் கடைப் பையனும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் சத்தம் கேட்டுச் செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினேன். உன் அப்பா, "பொறிவண்டுப்பா, பொறிவண்டு பார்க்க வந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார், அவர்கள் சிரிக்கிறார்கள். எத்தனை வருஷமாக அவரைப் பார்க்கிறவர்கள்! "வயசான காலத்துல உனக்கு எட்டிப் பார்க்கிற ஆசையா?" என்று கேட்டு வாயிலேயே குத்தினார் வேன்காரர். ரொட்டிக் கடைக்காரர் சட்டத்திலிருந்து அந்தக் கும்பலைக் கத்தியால் சுரண்டி உள்ளங்கையில் அள்ளி, "பொறிவண்டுதானே வேணும், இந்தா தின்னு" என்று இவர் வாய்க்குள் திணித்தார். நான் நடுவில் விழுந்து, கையைக் கடித்து, பிடித்து இழுத்த பிறகுதான் விட்டார்கள். வீட்டுக்கு வந்து வாஷ்பேசினில் குனிந்து துப்பினார். ரத்தம், பல், சிவப்புச் சிறகு, எல்லாம் கலந்து வந்தது. ஒன்றிரண்டு இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்தன. அவற்றை விரலால் ஒதுக்கிக் காகிதத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் வாயைக் கழுவினார். மனிதர் அப்படி.

அதற்குப் பிறகு பேச்சில்லை. கஞ்சி கொடுத்தால் குடிப்பார், போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். கடைசியில் அந்தப் பெண்ணே அவள் அப்பாவிடம் அழுதுகொண்டு போட்டோவைக் காட்டியிருக்கிறாள். அவர் பூச்சி பார்க்கத்தான் வந்தார், முன்னமே எனக்கும் அதைக் காட்டினார், நான் பயத்தில் கத்திவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். அடித்த அன்றே அதைச் சொல்ல அவளுக்கு வாயில்லை. வேன்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார், கையில் ஒரு கண்ணாடி ஜாடி. அவர் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த பட்டாம்பூச்சி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார், பெரியவர் சந்தோஷப்படுவாராம்! அறைச் சூட்டில் அது முழித்துக்கொண்டது. அழகாகத்தான் இருந்தது, சிறகைத் திறந்தால் கண் மாதிரி நீலப் புள்ளி. போய் ஜன்னல் கண்ணாடியில் படபடவென்று மோதியது, வெளியே பனி கொட்டுகிறது. அப்போதுதான் உன் அப்பா வாயைத் திறந்தார். "இதை ஏம்பா எழுப்பினே, இப்ப தின்ன ஒண்ணும் கிடையாதே" என்றார். வேன்காரர் அழுதார். ஈரப் பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பார்த்தார் அப்பா, பிறகு குளிர்ந்த மாடிப்படிக்குக் கொண்டுபோய் வைத்தார். காலையில் படியில் ஒருக்களித்துக் கிடந்தது.

ஆனால் அது செத்த கோபத்திலோ என்னவோ, எழுந்து முகம் கழுவி, ஷூவை மாட்டி, குல்லாவைக் கேட்டார். பூங்கா வரைக்கும் போய் வருகிறேன் என்றார். எனக்கு உயிர் வந்தது. அந்த நேரத்தில்தான் உன் செய்தி வந்தது. கை மாவாக இருந்ததால் போனை மேசையிலேயே வைத்துச் சத்தமாகப் போட்டேன், நீ அப்பாவை விசாரிப்பாய் என்று நினைத்தேன். "அப்பாவுக்குப் புத்தி பிசகிடுச்சும்மா, அடுத்தவன் வீட்டு ஜன்னல்ல எட்டிப் பார்க்கிறாராம், வேன்காரர் அன்னைக்கே போன் பண்ணிட்டாரு, மாமனார் வீட்டுல தெரிஞ்சா என் மானம் போகும், எங்கயாவது ஒரு ஹோம்ல சேர்த்துடலாம், அக்காவும் சரின்னுட்டா." முழுவதையும் நின்றபடியே கேட்டார் உன் அப்பா. உட்கார்ந்தார். ஷூவை அவிழ்த்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். இன்றுவரை அதை எடுக்கவில்லை. வேன்காரராவது நேரில் வந்து அடித்தார்.

அவரை எங்கேயும் அனுப்ப மாட்டேன். அக்காவிடமும் சொல்லிவிட்டேன், ஹோமில் சேர்க்கிற காகிதத்தை நீட்டினால் அவள் முன்னாலேயே கிழித்துப் போடுவேன். நீ விமானம் ஏறி ஓடி வரவும் வேண்டாம், வந்து காலில் விழுந்தால் அவர் உன்னை உடனே தூக்கிவிடுவார், எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. இனிமேல் எவன் போன் செய்து எதைச் சொன்னாலும் முதலில் அவரைக் கேள். குழந்தையின் காது மறந்துவிடாதே, நாளைக்கே காட்டிவிடு.

உனக்கு எழுதுகிறேன், ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பியபடியே, "நல்லா இருக்கட்டும்னு போடு" என்றார். போட்டுவிட்டேன், நல்லா இரு. அது அவருடைய ஆசீர்வாதம். என்னுடையது இன்னும் வாயில் வரவில்லை, வரும்போது எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்