சால் நின்ற இடம்

உத்திரமேரூர்,
மாசி 5.

அன்புள்ள தினகரனுக்கு அண்ணி பாஞ்சாலி எழுதுவது. நானும் குழந்தை கீர்த்தியும் சுகம். மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீ அழுதுவிடுகிறாய். எனக்கோ உன் அண்ணன் போன நாளிலிருந்து அழுகையே வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நிலத்தை மனை போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம், கையெழுத்துப் போடுங்கள் அண்ணி என்று கேட்டிருந்தாய். அதற்கு முன் இதைப் படி.

ஏரி நிரம்பவில்லை. நெல்லுக்கு வழியில்லாமல் கார்த்திகையில் உன் அண்ணன் கொண்டைக்கடலை போட்டார். இன்னா கன்னியப்பா, சுண்டல் கடை போடப் போறியா என்று பக்கத்துக் கொல்லை கலைச்செல்வன் கேலி பேசினார். இவர் கேட்டால்தானே. மேல் மண்ணு காஞ்சிடும், உரம் அங்க கிடந்தா வேருக்கு எட்டாது, அடியிலதான் ஈரம் கீது என்பார். ஏரால் ஆழமாகச் சால் பிடித்து, குனிந்து சூப்பர் பாஸ்பேட் உரத்தைக் கையால் சாலுக்குள் விட்டு, மண் தள்ளி, அதன் மேல் விதை போட்டார். பாதிக் கொல்லை ஆயிற்று. நெஞ்சு வலிக்கிறது என்றார். உட்காரச் சொன்னேன். இந்தச் சாலை முடிச்சிக்கினு வரேன் என்றார். முடிக்கவில்லை.

ஈரம் போவதற்குள் மீதியை விதைக்க வேண்டுமே என்று ஆட்கள் உரத்தை மேலாக வீசி விதைத்துவிட்டார்கள். குறை சொல்லவில்லை. சாவு விழுந்த வீட்டில் யார் குனிந்து போட்டுக்கொண்டிருப்பார்கள். அதன்பிறகு ஒரு தூறல்கூட இல்லை.

ஆட்கள் போட்ட பாதி சாண் உயரம்கூட வரவில்லை, காயெல்லாம் உள்ளே பருப்பில்லாத பொக்கு. அவர் போட்ட பாதி காய் பிடித்து நிற்கிறது. நடுவில் ஒரு சால் மட்டும் கொஞ்ச தூரம் நன்றாக வந்து, அப்புறம் கருகிக் கிடக்கிறது. அவர் விழுந்த இடம் அதுதான். தினமும் போய்ப் பார்க்கிறேன். மனசில் ஒன்றுமே தோன்றுவதில்லை. வந்து சோறு வடிக்கிறேன்.

காய் உதிர்ந்துவிடும், சீக்கிரம் அறு என்கிறார்கள். உதிரட்டும். அறுத்துவிட்டால் அவர் எதுவரை வந்தார் என்பது தெரியாமல் போய்விடும். காரியத்துக்குத்தான் உனக்கு லீவு கிடைக்கவில்லை, இதற்காவது கேட்டுப் பார். வந்து அந்தச் சாலில் ஒருமுறை நடந்துவிட்டுக் கையெழுத்துக் கேள். போடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள் தம்பி. அங்கே வெயிலில் நெஞ்சு வலித்தால் உடனே உட்கார்ந்துவிடு. வேலை பாதியில் நின்றால் நிற்கட்டும்.

நீ வரும்வரை அறுக்காமல் வைத்திருக்கும்
உன் அண்ணி,
பாஞ்சாலி