வலைக்கு அந்தப் பக்கம் கேட்ட ‘விடு’

ஏப்ரல் 6

உயர்திரு மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. பெரிய இடத்துச் சகவாசம் கிடைத்தவனுக்கு நலத்துக்கு என்ன குறைச்சல்.

நீ போனில் அனுப்பிய மூன்று வரியைப் படித்தேன். “மச்சான், இனிமே வேற ஆளோட ஆடலாம்னு இருக்கேன். எல்லாத்துக்கும் நன்றி. உடம்பப் பாத்துக்கோ.” பல் பிடுங்குகிற டாக்டர்கூட இதைவிட நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசிவிட்டுத்தான் குறட்டைக் கையில் எடுப்பார். பதினோரு வருஷம் ஒரே வலைக்கு முன்னால் நின்றிருக்கிறோம். ஜோடி சேர்ந்த மூன்றாவது வருஷம்தான் நீ என் தங்கையைக் கட்டினாய். அவளுக்கு முன்னாலேயே உன்னைக் கட்டி மேய்த்தவன் நான். அதையெல்லாம் முறித்துப் போட உனக்கு ஒரு கட்டைவிரல் போதுமாக இருந்திருக்கிறது.

உன் நம்பரை அடைத்துவிட்டேன். அதனால்தான் காகிதம். தங்கையிடம் கொடுத்தனுப்பலாம் என்று பார்த்தால், உங்கள் சண்டைக்கு நான் தபால்காரி இல்லை என்று போனை வைத்துவிட்டாள். ஆகவே நம் மட்டைகளுக்கு நரம்பு கட்டுகிறவரிடம் கொடுக்கிறேன். எந்த ஊரில் போட்டி நடந்தாலும் நமக்கு முன்னால் மிஷினோடு வந்து உட்கார்ந்திருப்பவர் அவர் ஒருவர்தானே. உன் மட்டைப் பையில் செருகிவிடுவார். பதிலையும் அவரிடமே கொடு, எழுதத் தைரியம் இருந்தால்.

உன் புது ஜோடியைப் பார்த்தேன். ஒட்டகம் என்று நான் பெயர் வைத்ததற்கு அப்போது சிரித்தவன் நீதான். சர்வீஸ் அடிக்கிறான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் தப்பான கல்யாணத்துக்கு வந்துவிட்டவன் மாதிரி முழிக்கிறான். அவன் விடுகிற பந்தையெல்லாம் பின்னால் ஓடி ஓடிப் பொறுக்கு. முதுகு பிடித்துக்கொண்டால் தைலம் போட ஆள் தேடாதே.

எனக்கு முப்பத்தெட்டு ஆகிறது. டென்னிஸில் இரட்டையர் மட்டும் ஆடிப் பிழைக்கிற நம்மை மாதிரி ஆட்களை, வருஷக் கடைசிப் பெரிய போட்டியில் ரெண்டு பேர் ரேங்கையும் கூட்டிப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். நீ போனதும் என்னிடம் பாதிதான் இருக்கிறது. அந்தப் போட்டியில் இடம் இல்லையென்றால் அடுத்த வருஷம் என்னை எந்த ஊரிலும் கூப்பிட மாட்டார்கள். இது உனக்குத் தெரியும். தெரிந்துதான் கிளம்பியிருக்கிறாய்.

இப்படிக்கு,
உன்னால் பாதியாகிப் போன
மச்சான்

*

ஏப்ரல் 19

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. நரம்பு கட்டுகிறவர் அதைக் கொடுக்கும்போது என்னை மேலும் கீழும் பார்த்தார். குடும்பமே இப்படியா என்று கேட்டார். மச்சான் பக்கம் மட்டும் என்று சொன்னேன்.

கட்டி மேய்த்தாயாம். எதை மேய்த்தாய்? இடது பக்கம் உனக்கு, ஏனென்றால் முக்கியமான பந்தெல்லாம் அங்கேதான் வரும். ஓட்டல் அறையில் ஜன்னலோரக் கட்டில் உனக்கு. மைக்கை நீட்டினால் பேசுவது நீ, பக்கத்தில் தலையாட்டுவது நான். ஜெயித்தால் “நாங்க ஜெயிச்சோம்”. தோற்றால் “இவன் அந்த ஒரு பந்த விட்டான்”. அந்த ஒரு பந்தைப் பற்றி விமான நிலையம் வரைக்கும் பேசுவாய். பெல்ட்டைக் கழற்றி ஸ்கேனரில் வைக்கும்போதும் பேசுவாய். விமானத்தில் நான் தூங்கிவிட்டால் எழுப்பிப் பேசுவாய். ஒட்டகம் தோற்றால் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்கிவிடுகிறான். அந்த நிம்மதிக்காகவே அவனோடு இன்னும் பத்து வருஷம் ஆடலாம்.

மூன்றே வரி எழுதினேன் என்று குறைப்படுகிறாய். நாலாவது வரி ஒன்று இருந்தது. எழுதிவிட்டு அழித்தேன். அதைப் படித்திருந்தால் நீ தாங்கியிருக்க மாட்டாய்.

உன் தங்கை நலம். ரெண்டு பேரும் ஒழிந்து போங்கள் என்று உனக்கும் சேர்த்துச் சொன்னாள்.

இப்படிக்கு,
தைலம் வாங்கி வைத்துக்கொண்ட
மாப்பிள்ளை

*

ஜூன் 2

மாப்பிள்ளைக்கு,

நாலாவது வரியாம். பெரிய ரகசியம். மூன்று வரிக்கு மேல் உனக்குச் சரக்கு இருந்தால்தானே.

எனக்கும் ஆள் கிடைத்துவிட்டான். அவனுக்கு “உம்” என்று பெயர் வைத்திருக்கிறேன். சர்வீஸை எங்கே போடப் போகிறாய் என்றால் உம். வலைக்கு வருகிறாயா என்றால் உம். சாப்பிட்டாயா என்றால் அதற்கும் உம். உன்னை மாதிரி எதிர்த்துப் பேசுவதில்லை, ஓடிப் போவதுமில்லை. போன வாரம் ரெண்டு ஆட்டம் ஜெயித்தோம். எங்களுக்குக் கொடுத்த மைதானம் கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால். பார்க்க வந்தவர் ஒருவர், அவரும் நிழலுக்காக வந்தவர். எழுந்து போகும்போது எந்த விளையாட்டு இது, ஏன் நாலு பேர் ஆடுகிறீர்கள் என்று விசாரித்தார். ஒற்றையர் ஆடுகிற ராஜாக்களுக்குத் துண்டை நீட்ட ரெண்டு ஆள், நமக்குத் துண்டே இல்லை. சரி, இது உனக்குப் புதிதா.

நேற்று அட்டவணை ஒட்டினார்கள், பார்த்திருப்பாய். நாளை மறுநாள் நீயும் ஒட்டகமும் எங்களுக்கு எதிரே. இதில் ஜெயித்தால் வருஷக் கடைசிக்கு எனக்கு வேண்டிய ரேங்கில் முக்கால்வாசி வந்துவிடும். உன் கையாலேயே வாங்கப் போகிறேன் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். நீ மூக்கைத் துடைத்தால் சர்வீஸ் நடுவில் வரும், துடைக்காவிட்டால் ஓரத்தில் வரும். இதை ஒட்டகத்திடம் சொல்லிவிடு, உன் மூக்கைக் கட்டிப் போடட்டும்.

ஆட்டத்தில் இக்கட்டு வந்தால் நீ பழக்கதோஷத்தில் என் மூஞ்சியைத்தான் பார்ப்பாய். வேண்டுமானால் பந்தயம் கட்டு.

மச்சான்

*

ஜூன் 5

மச்சானுக்கு,

இப்படியும் ஒரு ஜெயிப்பா? வெட்கமாக இல்லையா?

நடந்ததை நீ வேறு மாதிரி ஊரெல்லாம் சொல்லுவாய், அதனால் எழுதியே வைக்கிறேன். கடைசிப் பந்து. அது உங்களுக்குப் போனால் ஆட்டம் முடிந்தது. உன் ‘உம்’ தூக்கி அடித்தான். பந்து ஒட்டகத்தின் தலைக்கு மேலே போய்ப் பின்னால் நின்ற என்னிடம் வந்தது. நான் மட்டையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன். வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீ கத்தினாய், “விடு!” பந்து வெளியே போகிறது, தொடாதே என்று பதினோரு வருஷம் எந்தக் குரலில் கத்தினாயோ அதே குரல். நம் இருவரைத் தவிர அந்த வார்த்தை அங்கே யாருக்கும் புரியாது. என் கை இறங்கிவிட்டது. பந்து கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்தது.

எதிராளியைக் கத்தித் தடுத்தால் புள்ளி தடுத்தவனுக்குக் கிடையாது, அது உனக்கும் தெரியும். நடுவர் நாற்காலியிலிருந்து குனிந்து, அவர் போட்ட சத்தம் உன்னைத் தடுத்ததா என்று என்னிடம் கேட்டார். ஒட்டகம் ‘ஆமாம்னு சொல்லு, ஆமாம்னு சொல்லு’ என்று அவன் பாஷையில் என் தோளைப் பிடித்து உலுக்கினான். இல்லை என்று சொன்னேன். உன்மேல் இரக்கப்பட்டு அல்ல. ‘எங்க மச்சான் விடச் சொன்னான், விட்டுட்டேன்’ என்று அத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்து சொல்ல எனக்கு மானம் இருக்கிறது.

ஏமாற்றித்தான் ஜெயிக்க வேண்டும் என்ற நிலைமைக்கு வந்துவிட்டாய். உன்னோடு ஒரே அறையில் தூங்கியதை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

மாப்பிள்ளை

*

ஜூன் 6

மாப்பிள்ளைக்கு,

ஆமாம், ஏமாற்றினேன். அதற்கென்ன இப்போது?

கிழ நரி என்று ஒரு பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி ஒரு வரி எழுதாதவர்கள், படத்தோடு போட்டிருக்கிறார்கள். கத்தரித்து வைத்திருக்கிறேன். உடை மாற்றும் அறையில் சின்னப் பையன்களெல்லாம் ஒதுங்கி வழி விடுகிறார்கள். நல்ல ஆட்டம் ஆடியபோது கிடைக்காத மரியாதை இது.

கத்தினால் விட்டுவிடுகிற மாட்டை எதிரே நிறுத்தினால் யார்தான் கத்த மாட்டான். கோபம் இருந்தால் உன் காதைக் கழற்றி வைத்துவிட்டு ஆடு. தங்கை போனில் “நீ இவ்ளோதானா அண்ணா” என்று கேட்டு வைத்துவிட்டாள். கேட்டுக்கொண்டேன். அவளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஏமாற்றித்தான் ஜெயித்தேன்.

கிழ நரி

*

செப்டம்பர் 14

மச்சானுக்கு,

சந்தோஷப்பட்டுக்கொள். ஒட்டகம் என்னை விட்டுவிட்டான். எனக்காவது மூன்று வரி எழுதத் தெரிந்தது, அவன் ரெண்டோடு நிறுத்திக்கொண்டான். இரண்டாவது வரியில் கட்டைவிரல் தூக்கிய பொம்மை.

உன் ‘உம்’ முழங்கால் கிழிந்து ஊருக்குப் போய்விட்டான் என்று நரம்பு கட்டுகிறவர் சொன்னார். போகும்போதாவது வாயைத் திறந்தானா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் ரேங்க் ஏறியிருக்கிறது, எப்படி ஏறியது என்பது வேறு கதை. என்னுடையதையும் கூட்டினால் வருஷக் கடைசிப் போட்டியில் நமக்கு இடம் உண்டு. வெள்ளிக்கிழமை மதியத்தோடு பதிவை மூடுகிறார்கள். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டுவிட்டேன். நீ ஏமாற்றியதை மறந்துவிடுகிறேன். ஜன்னலோரக் கட்டிலையும் நீயே வைத்துக்கொள். வருகிறாயா என்று மட்டும் சொல், பாட்டுப் பாடாதே.

மாப்பிள்ளை

*

செப்டம்பர் 15

மாப்பிள்ளைக்கு,

வரவில்லை.

மறந்துவிடுகிறானாம், மகாராஜா. பதினோரு வருஷம் என் பக்கத்தில் நின்றாய். உன் மட்டை தூக்கியதை வைத்தே பந்து எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். என்னைப் பற்றி உனக்கு இவ்வளவுதான் தெரிந்திருக்கிறது என்றால் நீ மாடுகூட இல்லை. நான் எப்போதடா ஏமாற்றியிருக்கிறேன்? உன்னை ஆயிரம் திட்டு திட்டியிருக்கிறேன். வெளியே விழுந்த பந்தை உள்ளே என்று ஒரு நாள் சொல்லியிருக்கிறேனா?

அந்தப் பந்து வெளியே போகிறது என்று நினைத்துத்தான் கத்தினேன். எதிரே நிற்பவன் நீ என்பதே மறந்துவிட்டது. நீ மட்டையைத் தூக்கினாய், பந்து ஒரு முழம் வெளியே போகிறது, வாய் தானாகக் கத்திவிட்டது. என் புள்ளியை நானே உனக்கு வாரிக் கொடுக்கப் பார்த்த முட்டாள் நான். அது ஒரு சாண் உள்ளே விழுந்தது. ஒரு முழத்துக்கும் ஒரு சாணுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் தப்பு பண்ணியிருக்கிறேன் என்று நீயே கூட்டிப் பார்.

நரி என்று எழுதினார்கள். எழுதட்டும் என்று இருந்தேன். தங்கை ஏசினாள். ஏசட்டும் என்று இருந்தேன். பந்து தெரியாதவன் என்று எழுதினால் மறுநாளே என் பையைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள். கண்ணாடி போட்டும் பார்த்துவிட்டேன். வெயிலில் மஞ்சளாக ஏதோ வருகிறது, எவ்வளவு தூரத்தில் வருகிறது என்றுதான் தெரிவதில்லை.

உன் நாலாவது வரி என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். போன வருஷமே நான் சொன்ன பந்துகள் தப்பியிருக்கின்றன, இல்லையா? நீ பார்த்திருக்கிறாய். மூஞ்சிக்கு நேரே சொல்ல வக்கில்லாமல் ஒட்டகத்தின் முதுகில் ஏறி ஓடிவிட்டாய். கோழை. சொல்லியிருந்தால் உன்னை ரெண்டு அறை அறைந்துவிட்டு டாக்டரிடம் போயிருப்பேன்.

இடது பக்கம் காலியாகத்தான் இருக்கிறது, நீயே எடுத்துக்கொள். கண்ணுள்ள ஒருத்தனைப் பிடித்து வலது பக்கம் நிறுத்து.

மச்சான்

*

செப்டம்பர் 16

மச்சானுக்கு,

ஆமாம், கோழைதான். நீ சொன்ன பந்துகள் தப்பின. நீ ‘விடு’ என்பாய், உள்ளே விழும், அதற்கும் என்னைத்தான் திட்டுவாய். ‘மச்சான், உன் கண்ணு சரியில்ல’ என்று எழுதி அழித்தேன். உன்னிடம் அதைச் சொல்வதைவிட ஓடிப்போவது சுலபமாக இருந்தது. ஏமாற்றினாய் என்று எழுதினேனே, அப்படி நம்பிவிடலாம் என்றுதான் நானும் பார்த்தேன். முடியவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால் இன்னும் கேவலமாகத்தான் பேசுவாய், பேசு.

அந்தப் பந்து உள்ளேதான் விழப் போகிறது என்று எனக்குத் தெரியும். அந்த ‘உம்’ அடித்த மட்டையிலிருந்து கிளம்பும்போதே தெரியும். ஒட்டகம் அடி அடி என்று கத்தினான். அடித்திருந்தால் ஆட்டம் எங்களுக்கும் போயிருக்கலாம். நீ ‘விடு’ என்றாய். விட்டேன். நடுவரிடம் சொல்ல மானம் தடுத்தது என்று எழுதினேனே, இதைத்தான் சொல்ல முடியவில்லை. உன்னை விட்டு நான் நிஜமாகவே வந்துவிட்டேனா என்று அந்த ஒட்டகத்துக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. ரெண்டு வரி எழுத அவனுக்கு அது போதும்.

இப்போது யார் மாடு என்று நீயே முடிவு பண்ணு.

வெள்ளிக்கிழமை காலையில் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் கண் டாக்டரிடம் உன் பெயரைக் கொடுத்து வைத்திருக்கிறேன். உன் தங்கை கூட வருகிறாள், ஓடினால் பிடிப்பாள். அங்கிருந்து பதிவு அலுவலகம் ரெண்டு தெருதான், மதியத்துக்குள் வந்துவிடலாம். வெள்ளெழுத்தோ புரையோ, அவர் என்ன சொன்னாலும் வந்து கையெழுத்துப் போடு. இடது பக்கத்திலேயே நில். இனிமேல் ‘விடு’ சொல்வது நான். நீ அடி, நான் சொன்னது தப்பினால் விமான நிலையம் வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டு வா.

மாப்பிள்ளை