மாப்பிள்ளை வயிற்றில் அடைப்பு

மார்ச் 4

இப்படி ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். மாப்பிள்ளை கண்ணில் மஞ்சள் ஏறிய நிமிஷமே, "உள்ளே குழாய் அடைச்சிருக்கு" என்றேன். ஆயுசு பூரா ஊரார் வீட்டுக் குழாயைக் குத்தியவனுக்கு அடைப்புத் தெரியாதா? தங்கச்சிதான், "சும்மா இருண்ணா, இவருக்கு வெறும் சூடு" என்றாள். இன்று ஸ்கேன் வந்தது. கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் இறங்கும் குழாயில் கட்டி. பெரிய டாக்டரே என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். மரியாதைதான், வேறென்ன?

மார்ச் 6

விலாவில் துளை போட்டு, டியூப் விட்டு, பித்தத்தை ஒரு பையில் இறக்குகிறார்கள். பையைக் கொட்டுவது என் தலையில். தங்கச்சிக்குப் பார்த்தாலே மயக்கம். சீ! எத்தனை கக்கூஸ் குழாயில் கைவிட்டவன் நான்! இது வேறு. பாசிப் பச்சை, வழவழப்பு, சோப்புப் போட்டும் விரலிடுக்கில் மஞ்சள். கேண்டீன் டீயும் அதே நிறத்தில் தெரிகிறது.

மார்ச் 7

குமட்டல்.

மார்ச் 9

துளிச் சதை எடுத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. "கேன்சரா, சாதாக் கட்டியான்னு முழுசா எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். இந்த இடத்துல சாதாக் கட்டி ரொம்ப அபூர்வம்" என்றார் டாக்டர். மாப்பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். மஞ்சள் அரிப்பில் உடம்பெல்லாம் சொறிந்த ரத்தக்கோடு.

"சாகப்போறவனை எதுக்கு மச்சான் கிழிக்கணும்? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

தங்கச்சி என்னையே பார்த்தாள். நான் குட்டை மேஸ்திரியைச் சொன்னேன். என்னோடு வேலை பார்த்தவன். இதே குழாய், இதே கட்டி. அந்தத் துண்டை வெட்டிவிட்டு, குடலை மேலே இழுத்துக் கல்லீரலோடு தைத்தார்கள். பார்த்தால் சாதாக் கட்டி!

"இப்ப மூணாவது மாடிக்கு சிமென்ட் மூட்டை தூக்குறான், மாப்ளே!"

"நெசமாவா?"

"தழும்பை இந்தக் கையால தொட்டுப் பார்த்தேன்."

கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மார்ச் 14

ஆபரேஷன் முடிந்தது. கட்டியைத் தட்டில் வைத்துக் காட்டினார்கள். ஓடு கழன்ற நத்தை. த்தூ! இதற்கா இத்தனை ஆட்டம்? தங்கச்சி மகள், "மாமா, அழறீங்களா?" என்றாள். "மருந்து நெடி கண்ணுல ஏறிடுச்சு" என்றேன்.

மார்ச் 21

சாதாக் கட்டி! நான் சொன்னேனா இல்லையா?

மார்ச் 23

பக்கத்துக் கட்டில்காரருக்கும் வயிற்றில் கட்டி. கத்தியே வேண்டாம் என்று அடம். மாப்பிள்ளை சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டினார். "என்னைப் பாருங்க. எனக்கும் முன்னாடி குட்டை மேஸ்திரின்னு ஒருத்தர்..." அவர் வாயில் மூட்டை இரண்டாகி, மாடி ஐந்தாகிவிட்டது. கட்டில்காரர் பேனா கேட்டார்.

"மச்சான், அவரை ஒருநாள் கூட்டிட்டு வாங்க. கையைப் பிடிச்சுக்கணும்."

இன்னும் கழற்றாத பித்தப் பையைக் கொட்டும் சாக்கில் எழுந்து போனேன். பாத்ரூமில் வாந்தி. பித்தத்தால் இல்லை, அது பழகிவிட்டது. கண்ணாடியில் ஒரு மூஞ்சி தெரிந்தது, அதனால். மாப்பிள்ளைக்குக் கேன்சராக இருந்திருந்தால்? பக்கத்துக் கட்டில்காரருக்கு இருப்பது என்ன கட்டியோ, யார் கண்டது?

குட்டை மேஸ்திரி என்று ஒருவன் கிடையாது.