ரோடு நல்ல ரோடுதான்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் அண்ணனும் நானும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். போனில் ஏன் ஒன்றும் சொல்வதில்லை என்று கோபித்துக்கொள்கிறாய், போனில் சொல்லக்கூடியதை மட்டும்தான் இத்தனை நாளும் சொன்னேன். இதைச் சித்தி கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நாலு மாதம் முன்பு ஒரு மத்தியானம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. புது ரோடு வழியாக ஆம்புலன்ஸ் எட்டே நிமிடத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது, பழைய ரோடாக இருந்தால் ஆளைப் பார்த்திருக்க முடியாது என்று டாக்டரே சொன்னார். நீ இந்த ஊரை விட்டுக் கிளம்பும்போது இங்கே மூச்சு முட்டுகிறது என்றாய், தண்ணீர் வருகிறது, கரண்ட் போவதில்லை, தலைவர் எல்லாம் செய்கிறார், இதற்கு மேல் என்னடி வேண்டும் என்று நான் சண்டைக்கு வந்தேன். அதை இன்றைக்கும் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா வீடு திரும்பிய மறு வாரமே அந்த ரோட்டை அகலப்படுத்த நம் தெருக் கடைகளை இடிக்கப் போவதாகச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் தலைவரின் ஆட்கள் கூட்டம் போட்டார்கள். போய்க் கைதட்டிவிட்டு வர வேண்டியதுதான். என் பக்கத்தில் சலூன்காரர், உனக்கு முதல் முடி வெட்டியவர், உட்கார்ந்திருந்தார். திடீரென்று எழுந்து, "ரோடு போடுங்க, வேண்டாங்கல. இடிக்கறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலையில் போலீஸ்காரர்கள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், தலைவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார் என்று கேஸ். தெருவில் யாரைக் கேட்டாலும் காதில் விழவில்லை என்றார்கள். அண்ணனுக்குத் துறைமுக ஆபீஸில் பிரமோஷன் வரும் நேரம், நீ வாயைத் திறக்காதே என்று அப்பா கெஞ்சினார். இரண்டு நாள் அப்பா சொன்னபடியே இருந்தேன். என்னை யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லை, சும்மா இருக்கத்தான் சொன்னார்கள், இத்தனை வருஷமும் அப்படித்தானே இருந்தேன், அதைத்தானே நிம்மதி என்று உன்னிடம் வாதாடினேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் சலூன்காரர் மனைவியோடு ஸ்டேஷனுக்குப் போனேன். அதிகாரி மரியாதையாக நாற்காலி போட்டார். வீட்டுக்காரர் உடம்பு தேறிவிட்டதா, அந்த ரோட்டில்தானே பிழைத்தார் என்று அவரே விசாரித்தார். நான் அவரிடம் அதைச் சொல்லவே இல்லை. "ரோடு நல்ல ரோடுதான் சார். அதுலதான் என் வீட்டுக்காரர் உயிரோட ஆஸ்பத்திரிக்குப் போனாரு. ஆனா அந்த மனுஷன் கேள்விதான் கேட்டாரு, திட்டல. பக்கத்துல இருந்தவ நான்" என்றேன். எழுதிக்கொண்டார், முழுதும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

பத்தொன்பதாம் நாள் சலூன்காரரை விட்டுவிட்டார்கள். கடையை இடித்தாகிவிட்டது, வீட்டு முன்னறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், ஒருவரும் போவதில்லை. நம் தெரு ஆண்பிள்ளைகள் இரண்டு பஸ் மாறிப் போய் முடி வெட்டிக்கொண்டு வருகிறார்கள், கேட்டால் அங்கே ஏசி இருக்கிறதாம். அண்ணனின் பிரமோஷன் நின்றுபோனது, ஆபீஸிலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அவன் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நீங்க சொன்னது நிஜம்தாம்மா. ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு மாதம் வெளியிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தான். அவனைக் கேட்காமல் அவன் வாழ்க்கையில் கை வைத்தவள்தானே நானும்.

போன ஞாயிறு காலை நல்ல வெயிலில், தெருவே பார்க்க, அவன் சலூன்காரர் வீட்டுக்கு நடந்து போனான். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தான். எனக்கு அடுப்படியில் ஒரு வேலையும் ஓடவில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "கிருதாவ ரொம்ப ஏத்திட்டாரும்மா, அடுத்த தடவ சொல்லணும்" என்றான். நான் சோற்றைப் போட்டேன், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

நீ சொன்னதுதான் சரி என்று முழுசாக எழுத வரவில்லை, நான் சொன்னதுதான் சரி என்று இனிமேல் சொல்லவும் மாட்டேன். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழுங்கள். குழந்தைக்குத் தடுப்பூசித் தேதியைத் தவறவிடாதே. அண்ணனிடம் போனில் வேலையைப் பற்றிக் கேட்காதே, சும்மா பேசு. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா