குளிரூட்டி இல்லாத கட்டடத்துக்கு மின் சிக்கனச் சலுகை

அனுப்புநர்
வே. தங்கையா,
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலைத் தலைமை எழுத்தர்,
கொலக்கம்பை சாலை, குன்னூர் வட்டம், நீலகிரி.

பெறுநர்
செயற்பொறியாளர் அவர்கள்,
மின் விநியோக அலுவலகம்.

பொருள்: மின் சிக்கன வணிகக் கட்டடங்களுக்கான கட்டணச் சலுகை – என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது – மறுஆய்வு கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதால், சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டது.
2. அதில் மின்சாரம் எவ்வாறு மிச்சமாகிறது.
3. விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது.
4. என் வேண்டுகோள்.

1. சாலையோரத்தில், சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலையை எடைபோட்டு வாங்கும் கொட்டகை ஒன்றை நடத்தி வந்தேன். விலை விழுந்த பின், பறிகூலிக்கே கட்டவில்லை என்று பலர் இலை பறிக்காமல் செடியை வளரவிட்டுவிட்டார்கள். கொட்டகைக்கு வேலையில்லாமல் போயிற்று. அதே இடத்தில், கீழே இரண்டு கடையும் மேலே ஒரு கூடமுமாகச் சிறிய கட்டடம் எழுப்பினேன்.

கூடத்தை எடுத்திருப்பவர் ராஜகுமாரி. சிலோனிலிருந்து வந்த குடும்பம். அவர் வேலை செய்த எஸ்டேட் மூடிக்கிடக்கிறது. அவரும், அங்கேயே வேலையிழந்த ஏழு பெண்களும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறார்கள். இப்போது இருப்பவை கைமெஷின்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஆர்டரை முடிக்க மின்சார மெஷின்கள் வேண்டும். முழு வணிகக் கட்டணம் செலுத்தினால் அவர்களுக்குக் கூலி மிஞ்சாது. சலுகை இல்லையென்றால் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவதென்று முடிவு செய்திருக்கிறார்கள். வேன் வரும் திங்கட்கிழமை வருகிறது. கம்பெனி விடுதியில் குழந்தைகளுக்கு இடமில்லையாம். ஐந்து பேருக்குச் சிறு பிள்ளைகள் உண்டு.

2. தங்கள் அலுவலக அறிவிப்பைச் செய்தித்தாளில் படித்த பிறகே வரைபடத்தை மாற்றினேன். சுவர்கள் இரட்டை, நடுவில் காற்றுக்கு இடைவெளி. ஜன்னல்கள் கிழக்கு நோக்கியவை, இரண்டடுக்குக் கண்ணாடி. கூரையில் கண்ணாடி ஓடுகள் பதித்திருப்பதால் பகலில் விளக்கு வேண்டாம். இங்கே கடைகளிலும் லாட்ஜுகளிலும் பனிக்காலம் முழுக்க ஹீட்டர் எரிகிறது. என் கூடத்தில் காலை முதல் மாலை வரை எவ்விதக் கணப்பும் தேவையில்லை.

3. தங்கள் உதவிப் பொறியாளர் திரு. நவநீதன் மார்கழியில் வந்து பார்த்தார். மரியாதையானவர், அவர்மீது எனக்குக் குறையில்லை. அவர் கையிலிருந்த படிவம் சமவெளியை மனத்தில் வைத்துத் தயாரித்தது போலும். குளிரூட்டியின் மின்செலவு எவ்வளவு குறைந்தது என்பதுதான் முதற்கேள்வி. "ஏனுங்க, ஏ.சி.யே இல்லாத கட்டடத்துல எதைங்க நான் மிச்சம்னு எழுதறது?" என்றார். கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் பாலு, "ஒண்ணு வாங்கி மாட்டி ஆஃப் பண்ணிப் போடுங்க அய்யா, முழுசும் மிச்சமுங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்திருக்கக் கூடாதோ என்று இப்போது படுகிறது. 'சேமிப்பு இல்லை' என்று கடிதம் வந்துவிட்டது.

4. மலையில் குளிரைத் தடுப்பதும் சிக்கனமே என்று கருதி, விண்ணப்பத்தை மறுபடி பார்க்க வேண்டுகிறேன். விதியில் இடமில்லையென்றால், அந்த மறுப்பையாவது திங்கட்கிழமைக்கு முன் தெரிவித்தால் உதவியாக இருக்கும். எட்டுப் பேர் என் சொல்லை நம்பி மூட்டை கட்டாமல் இருக்கிறார்கள்.

இவ்வளவும் எழுதிய பின், பிழை இருந்தால் தெரியட்டும் என்று மேலே போய் ராஜகுமாரியிடம் படித்துக் காட்டினேன். எண் 2-இல், கணப்பு தேவையில்லை என்ற இடத்தில் அவர் மெஷினை நிறுத்திவிட்டார். "அய்யா, நீங்க எப்பவும் காலை வெயில்லதான் மேல வாறீங்க. மூணு மணிக்கு மலை மறைச்சிருச்சுன்னா வெரலு மடங்க மாட்டேங்குதுங்க. சொன்னா மனசு விட்டுருவீங்கன்னுதான் கரிச்சட்டிய மேசைக்கடியில ஒளிச்சு வெச்சிருக்கோம்" என்றார். குனிந்து பார்த்தேன். சட்டியில் கனல் இருந்தது.

மாற்றி எழுதினால் இன்றைய தபால் போய்விடும். சுவரும் ஜன்னலும் ஓடும் நான் சொன்னபடியே உள்ளன. எவரும் வந்து பார்க்கலாம். கூடத்துக்குக் கணப்பு தேவையில்லை என்று நான் எழுதியது மட்டும் தவறு.

நாள்: 17.01.2001
இடம்: கொலக்கம்பை சாலை

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
வே. தங்கையா