வெள்ளை ரோபோவின் இடது தோள்

மார்ச் 1, ஞாயிறு

காலையிலேயே வெயில். பூசைக்குப் போய் வருவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. காலைச் சாப்பாடு பாண், சம்பல். நெல் ஸ்டோருக்கு இன்று லீவு, ஆனாலும் இரண்டு தரம் போன். வவுணதீவுப் பக்கத்து வட்டை வயல் நெல் வந்து கிடக்கிறதாம், ஈரமும் பதரும் பார்க்க ஆள் இல்லையாம். நாளைக்கு என்றேன்.

பதினொரு மணிக்கு மகனின் மெசேஜ். தாய்க்கு இல்லை, எனக்கு. ஒரு வருடமும் நாலு மாதமும் கழித்து. அப்படியே எழுதி வைக்கிறேன்:

“அப்பா, என்ட ரோபோவ எடுத்து ஒழுங்காப் பாருங்க. பத்தாம் திகதி ருமேனியாவுக்கு ஃபிளைட். நல்லாக் கிடந்தா சனிக்கிழமை வந்து எடுத்திட்டுப் போறன். பழுதெண்டா சொல்லுங்க, நான் கொழும்புல இருந்தே போறன். அம்மாட்டக் கேட்டா எல்லாம் நல்லாக் கிடக்கு எண்டுதான் சொல்லுவா. நீங்கதான் குறையக் குறை எண்டு சொல்ற ஆள்.”

கீழே நீளப் பட்டியல். என்னென்ன பார்க்க வேண்டும் என்று.

ருமேனியா. மூன்று வருட ஒப்பந்தம். மனைவி ரீட்டாவுக்கு முன்பே தெரியுமாம். என்னிடம் சொன்னால் நான் ஏதும் பேசிக் கெடுத்துவிடுவேன் என்று சொல்லவில்லையாம். சரிதான், கெடுத்திருப்பேன்.

மகனின் அலுமாரியைத் திறந்தேன். பூச்சி உருண்டை மணம் மூக்கில் அடித்தது. மாதம் தவறாமல் நான் போடுவது. கரப்பான் இல்லை, அந்து இல்லை. ரோபோப் பெட்டியை இருந்த இடத்தில் இருந்தபடியே ஒரு படம் எடுத்து அனுப்பினேன். “பெட்டி பத்திரம். நாளை திறந்து பார்க்கிறேன்.” அனுப்ப முன் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். வெட்கக்கேடு.

மார்ச் 2, திங்கள்

ஸ்டோரில் நாற்பது மூடை திருப்பி அனுப்பினேன். ஈரம். ஒரு ஆள் கெஞ்சினான். மெசின் காட்டுவதைத்தான் நான் சொல்வேன் என்றேன்.

ஐந்து மணிக்கு வீடு. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கண்ணாடி போட்டு, பெட்டியைத் திறந்தேன். ஒரு சாண் உயரம். வெள்ளை உடம்பு, நீலக் கோடு. இதைத்தான் அவன் முதல் சம்பளத்தில் வாங்கினான். வாங்கிய அன்று விருந்துக்கு வந்திருந்த ஆட்களுக்கு முன்னால் நான் சொன்னது: “இருபத்திரண்டு வயசில பொம்மை. நெல்லெண்டா புடைச்சுத் தள்ளலாம், இவன் முழுக்கக் கழிவு.” எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் இதை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறினான்.

அவன் கேட்டபடி பார்த்தது:

தலைக் கொம்பு: இரண்டும் உண்டு. முறிவு இல்லை.
கழுத்து: நாலு பக்கமும் திரும்புகிறது.
வலது தோள், முழங்கை, மணிக்கட்டு: டிக் டிக் என்று நிறுத்தின இடத்தில் நிற்கிறது. நல்ல வேலை, சும்மா சொல்லக்கூடாது.
பாதத்தின் கீழ் முத்திரை: உண்டு. ஒரிஜினல்.
மாற்று உள்ளங்கைகள்: 5 சோடி. சரி.
துவக்கு, கேடயம், ஸ்டாண்ட்: சரி.
நெஞ்சு லைட்: புது பற்றரி போட்டேன். பச்சை. எரிகிறது.
இடது தோள்:

அசையவில்லை. அசைத்தேன், அசையவில்லை. பெட்டிக்குள் இருந்த பிளாஸ்டிக் தட்டில் இருந்து எடுக்கும்போதே அந்தப் பக்கம் பிசின் போல ஒட்டி வந்தது. தோளில் இருந்து முழங்கால் வரை இடது பக்கம் உருகினது போல. தொட்ட இடத்தில் என் பெருவிரல் ரேகை பதிந்துவிட்டது.

கடவுளே.

பெட்டியை மூடி வைத்துவிட்டேன். ரீட்டா சாப்பிடக் கூப்பிட்டாள். பசி இல்லை என்றேன்.

மார்ச் 3, செவ்வாய்

விடிய எழும்பித் திரும்பவும் பார்த்தேன். இரவில் கண் பிழைத்திருக்கும் என்று ஒரு நப்பாசை. அப்படியேதான் கிடக்கிறது. உப்புக் காற்றா? வெக்கையா? தகரக் கூரை அறை அது.

பழுது என்று சொன்னால் வரமாட்டான். அவனே எழுதியிருக்கிறான். மூன்று வருடம். எனக்கு ஐம்பத்தெட்டு, சீனி வியாதி வேறு.

வலது பக்கமாக நிறுத்தி ஐந்து படம் எடுத்தேன். இடது கைக்கு முன்னால் கேடயத்தை வைத்து மறைத்தேன். எழுதினேன்: “எல்லாம் பார்த்தேன். குறை ஒன்றும் இல்லை.”

இத்தனை வருட வேலையில் ஒரு மூடை பதரை நெல் என்று எழுதியதில்லை.

முக்கால் மணித்தியாலம் பதில் இல்லை. பிறகு: “சரி. சனிக்கிழமை விடிய ரெயிலில வாறன்.”

ரீட்டா அழுதாள். உடனே படுக்கை விரிப்பைத் தோய்க்கப் போட்டாள்.

மார்ச் 4, புதன்

லீவு போட்டேன். காரணம்: காய்ச்சல். இன்னொரு பொய்.

செய்தவை: (1) ஈரத் துணியால் துடைத்தது. பிசின் இழுபட்டது. (2) பவுடர் தூவியது. மா பூசின மாதிரி. (3) பற்பசை தேய்த்தது. நீலக் கோடு பாதி போய்விட்டது. (4) தோளை மெல்லத் திருப்பியது.

கை கழன்று என் கையில் வந்துவிட்டது.

ரீட்டா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். “சொல்லிப்போடுங்க,” என்றாள்.

“சொன்னா வரமாட்டான்.”

“வந்து கண்டா?”

அவள் போய் அவனுக்காக வாங்கின நண்டைப் பிரிட்ஜில் அடுக்கினாள். தவக்காலத்தில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

மார்ச் 5, வியாழன்

புளியந்தீவில் பல் கட்டுகிற ரமணன் இந்த ரோபோக்கள் சேர்க்கிறவர் என்று மருந்துக் கடைப் பெடியன் சொன்னான். வேலை முடியப் போனேன். சின்ன அறை. ஒரு பக்கம் பொய்ப்பல் அச்சுகள், மறுபக்கம் கண்ணாடி அலுமாரியில் முப்பது ரோபோ. என் சாமானைக் கையில் வாங்கினதும் முகம் மாறிவிட்டது. வெளிச்சத்தில் பிடித்தார், நகத்தால் அழுத்தினார், முகர்ந்து பார்த்தார். நான் நெல்லைப் பார்ப்பது போலத்தான். நல்ல வேலைக்காரன் என்று கண்டதும் எனக்கு இன்னும் பயம்.

“பூச்சி உருண்டை போட்டீங்களா?”

“ஓம். பெட்டிக்குள்ள ரெண்டு, வெளியில ரெண்டு.”

“அதுதான் அண்ணன். அந்தப் புகை இந்தப் பிளாஸ்டிக்கைத் தின்னும். சும்மா விட்டிருந்தா ஒண்டும் ஆகியிருக்காது.”

சும்மா விட்டிருந்தால்.

திருத்த ஏலாது என்றார். இதே சாமான் கொழும்பிலும் இப்போது இல்லையாம், ஜப்பானில் செய்வதையே நிறுத்திவிட்டார்களாம். கையை மட்டும் ஒட்டித் தந்தார், அசையாது. காசு வாங்கவில்லை. யாருடையது என்று கேட்டார். மகனுடையது என்றேன்.

கல்லடிப் பாலத்தில் சைக்கிளை நிறுத்தினேன். ஆற்றுக்குள் எறிந்துவிட்டுக் களவு போய்விட்டது என்று சொல்லலாமா என்று நினைத்தேன். நினைத்தது உண்மை. ஒரு பொலித்தீன் பையோடு கால் மணித்தியாலம் நின்றிருக்கிறேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் என்ன ஐயா சுகமில்லையா என்று கேட்டார்.

மார்ச் 6, வெள்ளி

வானம் மூடம். மழை வரவில்லை.

சிலுவைப்பாதைக்குப் போனேன். பாவம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் நாலு பேர் வரிசை. நானும் நின்றேன், பிறகு விலகிவிட்டேன். சாமியாரிடம் சொல்லி என்ன? அவருடைய ரோபோவையா கெடுத்தேன்?

கோயில் மதிலில் இருந்தே எழுதினேன். ஸ்டோர் படிவம் எழுதுவது போல. வேறு விதமாக எழுத எனக்குத் தெரியாது.

“டிலக்சன், செவ்வாய் அனுப்பினது பொய். சரியான நிலை: இடது தோள் உருகிப் போனது. கை கழன்று ஒட்டியது, அசையாது. இடது தொடை, முழங்கால் பிசின். நீலக் கோடு அழிவு. தட்டு வளைவு. காரணம்: நீ போனதில் இருந்து மாதம் மாதம் நான் போட்ட பூச்சி உருண்டை. பத்திரமாக இருக்கட்டும் என்று போட்டது. நீ வரமாட்டாய் என்று மறைத்தேன். உன்னைக் கழிவு என்று சொன்னது பிழை. அப்பா.”

கடைசிக்கு முந்தின வசனத்தை அழித்தேன். எழுதினேன். அழித்தேன். எழுதி, அழிக்க முன் அனுப்பிவிட்டேன்.

6.10: இரண்டு சரிக்குறி, சாம்பல் நிறம்.
6.25: நீலம். வாசித்துவிட்டான்.
7.00: ஒன்றும் இல்லை.
8.30: ஒன்றும் இல்லை. அவனுக்குப் போன் எடுத்தேன், நிறுத்தி வைத்திருக்கிறான்.

ரீட்டாவிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. நண்டை எடுத்து அயல் வீட்டுக்குக் கொடுக்கவா என்று கேட்டாள். விடியட்டும் என்றேன்.

மார்ச் 7, சனி

ஐந்து மணிக்கே ஸ்டேஷன். வரமாட்டான் என்று தெரிந்தும் போனேன். ரெயில் பிந்தியது. பிளேன்ரீ இரண்டு குடித்தேன், சீனி போட்டு. இன்றைக்கு மட்டும்.

ஏழரைக்கு வந்தது. எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள். திரும்பி நடந்தேன். பின்னால், “அப்பா, சைக்கிள்லயா வந்தீங்க?”

மெலிந்திருக்கிறான். தாடி. ஒரு சின்ன பை மட்டும். மெசேஜ் கிடைத்ததா என்று கேட்டேன். அதுதான் வாயில் வந்தது.

ஓம் என்றான். போன் சார்ஜ் செத்துவிட்டதாம். நடந்துகொண்டே சொன்னான்:

“நீங்க ஞாயிறு அனுப்பின படத்திலயே உருண்டை கிடக்குது. பெட்டிக்குப் பக்கத்தில. புகை உள்ள போய்ப் பழுதாக்கியிருக்கும் எண்டு அப்பவே தெரியும்.”

நாலு நாள் அந்த ரோபோவை அணு அணுவாய்ப் பார்த்தேன். நான் எடுத்த படத்தை நான் பார்க்கவில்லை.

“தெரிஞ்சும் ஏன் மகன் வந்தாய்?”

“செவ்வாய்க்கிழமை குறை ஒண்டும் இல்லை எண்டு எழுதினீங்களே. நீங்க ஒருநாளும் அப்பிடிச் சொல்ற ஆளில்ல. அதுக்குப் பிறகுதான் டிக்கட் எடுத்தன்.”

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ரோட்டில், எல்லாரும் பார்க்க. அவன் சைக்கிளை வாங்கிக்கொண்டான்.

வீடு. நண்டு. தாயும் மகனும் ஒரே கதை. சாப்பிட்ட பிறகு மேசைக்கு வந்து பெட்டியைத் திறந்தான். நான் அறைக்குள் போகவில்லை, வாசலில் நின்றேன். கொம்பு, கழுத்து, வலது கை என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்தான். இடது தோளுக்கு வந்து, என் பெருவிரல் பதிந்த இடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தான். பிறகு லைட்டைப் போட்டான், அணைத்தான், தட்டில் வைத்து மூடினான்.

எடுத்துக்கொண்டு போகவில்லையா என்று கேட்டேன்.

“இஞ்சயே கிடக்கட்டும், திரும்பி வந்து பாக்கிறன். உருண்டை மட்டும் போடாதீங்க.”

மிச்சப் பக்கற்றைக் குப்பையில் போட்டேன். திங்கள் பின்னேரம் அவனுக்குப் பஸ்.